கிளிப்பச்சை

ஏனாத்தூர் கூட்டுரோட்டில் பூவராகவனின் மொபெட்டை மறித்த எஸ்.ஐ., முன்னால் மாட்டியிருந்த பையிலிருந்து ஒரு பொட்டலத்தை உருவினார்.

பிரித்தால், சாம்பல் நிறத்தில் பொடி.

தோளில் மூன்றாவது நட்சத்திரம் அப்போதே ஏறிவிட்டது போல எஸ்.ஐ.க்கு முகம் மலர்ந்தது.

“சார், அது வந்து...”

“வாயத் தொறந்த, போதைப்பொருள் கேசு. பெயிலே கெடைக்காது. நான் எழுதுறதுதான் சட்டம்.”

பூவராகவன் வாயை மூடிக்கொண்டான். அவனைப் பயந்தாங்கொள்ளி என்று யாரும் நினைக்க வேண்டாம். போன மாதம் இதே இடத்தில் பக்கத்து வீட்டுத் துரைக்கண்ணு “எதுக்கு சார்?” என்று இரண்டே வார்த்தைதான் கேட்டான். பதினைந்து நாள் உள்ளே இருந்துவிட்டு வந்தான். அந்த இரண்டு வார்த்தை எந்தப் பிரிவில் குற்றம் என்று அவன் வக்கீலுக்கே இன்றுவரை பிடிபடவில்லை.

பிள்ளையார்பாளையத்து வீட்டில் இந்நேரம் அண்டாவில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும். பட்டு நூலை நனைத்து வைத்துவிட்டு மனைவி புவனேஸ்வரி வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாள். இவன் உள்ளே போய்விட்டால் அவள் யாரிடம் போய் நிற்பாள்?

எஸ்.ஐ. சினிமா நிறையப் பார்ப்பவர் போலிருக்கிறது. பொடியைச் சுண்டுவிரலால் தொட்டு நாக்கில் வைத்தார்.

பூவராகவன் இரண்டு கையையும் ஆட்டினான். தலையை ஆட்டினான். வாயை மட்டும் திறக்கவில்லை.

ருசி பிடிபடவில்லை போலும். எஸ்.ஐ. இன்னும் கொஞ்சம் எடுத்துச் சப்புக்கொட்டினார்.

பக்கத்தில் நின்ற ஏட்டு இருமினார். பிறகு மரியாதையாக மொபெட் கண்ணாடியை அவர் பக்கம் திருப்பி வைத்தார்.

நாக்கு, பல், உதடு எல்லாம் பளபளவென்று கிளிப்பச்சை. பட்டுக்குப் போடும் சாயம் அப்படித்தான். காய்ந்திருக்கும்போது சாதுவாக இருக்கும், ஈரம் பட்டால்தான் தன் நிறத்தைக் காட்டும்.

தூரத்தில் டி.எஸ்.பி.யின் ஜீப் வந்துகொண்டிருந்தது.

எஸ்.ஐ. கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு பூவராகவனின் காதோரம் குனிந்தார்.

“தம்பி... இது எப்பப்பா போவும்?”

சோப்புப் போட்டால் போய்விடும் என்று ஒரு பொய் சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பியிருக்கலாம். ஆனால் இருபத்திரண்டு வருஷத் தொழிலில், சாயம் வெளுத்துவிட்டது என்று ஒரு புடவைகூட அவனிடம் திரும்பி வந்ததில்லை.

பயம் போன இடம் தெரியவில்லை. பூவராகவன் நெஞ்சை நிமிர்த்தினான்.

“நம்ம சாயம் போவவே போவாது சார். கேரண்டி.”