துவைகல்லின் மேல் ஓர் அதிகாரி

ஆற்றில் காலை வெயில் மினுமினுக்கிறது. சுற்றுலாத் துறை அதிகாரி துவைகல்லின் மேல் ஏறி நின்று, வேலி வரப்போகும் இடத்தைக் கைநீட்டிக் காட்டுகிறார். "நாளையிலேருந்து இங்க துவைக்கக் கூடாதும்மா. வர்றவங்க ஆத்தைப் பார்க்க வர்றாங்க, அழுக்கு மூட்டையை இல்ல." துணி வெளுக்கிறவள் முழங்கால் தண்ணீரில் நின்றபடி நிமிர்கிறாள். "சரிங்க சார். வர்றவங்க ராத்திரி எதுல படுப்பாங்க?" அவள் ஈரப் படுக்கை விரிப்பின் ஒரு முனையை அவர் கையில் திணிக்கிறாள். "புடிங்க, ஒத்தை ஆளா முறுக்க முடியல." அவரும் ஏதோ நினைவில் பிடித்துக்கொள்கிறார். முறுக்க முறுக்க, பளபளக்கும் அவர் காலணியில் தண்ணீர் கொட்டுகிறது. உதறி விரித்த வெள்ளைத் துணியின் ஓரத்தில், நீல நூலில், அவருடைய துறையின் முத்திரை. "உங்க விடுதியோடதுதான். இன்னும் முப்பது கிடக்கு. கல்லை விட்டுக் கொஞ்சம் இறங்குங்க சார்." அவர் இறங்குகிறார். விரிப்பின் முனை இன்னும் அவர் கையில்தான் இருக்கிறது.