ஒட்டாத பட்டை

"திருட்டு நர்ஸ்! எல்லாரும் வந்து பாருங்க!"

வார்டே திரும்பியது. கத்தியது லாரி டிரைவரின் மனைவி.

பின்னே? கண்ணால் பார்த்துவிட்டாளே! புருஷன் நம்பர் ஒட்டிய மருந்துப் பட்டையைப் பக்கத்துக் கட்டில் பெரியவர் காலில் ஒட்டினாள் நர்ஸ். பெரியவருடையதைப் புருஷனுக்கு.

"எத்தனை நாளா நடக்குது?"

"ஒரு வாரமா." நர்ஸ் மறைக்கக்கூட இல்லை.

புருஷன் காலில் சர்க்கரைப் புண். ஏற்கெனவே ரெண்டு விரல் போயாச்சு. இதுவும் ஆறாவிட்டால் பாதமே போகும். பிரேக் மிதிக்கிற கால்.

"விடுடி, ஆறிக்கிட்டுத்தானே வருது" என்றான் புருஷன்.

"நீங்க சும்மா இருங்க! உங்க பட்டையைப் போட்டிருந்தா இந்நேரம் நடந்திருப்பீங்க!"

டாக்டர் ஓடி வந்தார்.

அது புது மருந்து. இறால் ஓட்டில் செய்த பசை. அதற்குள் கண்ணுக்கே தெரியாத துகள்களில் மருந்து. சோதனை என்பதால் பாதிப் பேருக்கு வெறும் பசைதான். யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாது. சீல் வைத்த கவரில் இருக்கிறது.

"கவரைப் பிரிங்க டாக்டர்! இவ குட்டு வெளிய வரட்டும்."

"பிரிச்சா ரெண்டு பேரையும் சோதனையிலிருந்து எடுத்துடுவாங்க. யோசிச்சுக்கோங்கம்மா."

"வேணாம்மா" என்றாள் நர்ஸ் அவசரமாக.

"பாத்தீங்களா, பயப்படுறா! பிரிங்க!"

பிரித்தார். முகம் மாறியது.

"உங்க வீட்டுக்காரருக்கு வந்தது வெறும் பசை. மருந்து இருந்தது பெரியவருடையதில்."

டாக்டர் நர்ஸிடம் திரும்பினார். "உனக்கு எப்படித் தெரிஞ்சது?"

"மருந்து இருக்கிற பட்டை, பிரிக்கும்போது புண்ணுல ஒட்டாது, டாக்டர். தினம் பிரிக்கிற கைக்குத் தெரியாதா?"

டிரைவர் மனைவி டாக்டர் பக்கம் திரும்பினாள். "அப்போ... இனிமே இவருக்குப் பட்டை?"

"கிடையாதும்மா. ரெண்டு பேருக்குமே."

அவள் அப்படியே பெரியவர் கட்டிலைப் பிடித்துக்கொண்டாள். "ஐயா... உங்க மருந்தையா இவருக்குப் போட்டாங்க?"

"நான்தாம்மா மாத்தச் சொன்னேன். நான் என்ன, லாரியா ஓட்டப்போறேன்?" என்றார் பெரியவர். "இந்த நர்ஸ் என் பொண்ணுதான். இப்ப அவ வேலை போயிடும்போல இருக்கு. டாக்டர்கிட்ட அவளுக்காக நீ ஒரு வார்த்தை சொல்லேன்."