வலப்பக்கத்து இதயம்

சவரிமுத்துவுக்கு இதயம் வலப்பக்கம் இருந்தது. அதனால் தேர்வு வந்தாலே மருத்துவக் கல்லூரியில் அவரைக் கூப்பிட்டுக் கட்டிலில் உட்கார வைப்பார்கள். வெள்ளைக் கோட்டைக் கண்டாலே சட்டைப் பொத்தானைக் கழற்றுவது அவருக்குப் பழகிவிட்டது. பயிற்சி மருத்துவர் நிலோபரும் அந்த நெஞ்சைக் கேட்டுத்தான் பாஸானாள். இன்று அதே மருத்துவமனையின் வார்டுக்குள் அவருடைய மனைவி இறந்துவிட்டாள். அதை அவரிடம் போய்ச் சொல்லும் வேலை நிலோபருக்கு வந்தது. வராந்தாவில் அவளைப் பார்த்ததும் அவர் எழுந்து பொத்தான்களைக் கழற்றத் தொடங்கினார்.

"வேண்டாங்கய்யா."

"பரவால்லம்மா, கேட்டுக்குங்க. அவளப் பாத்து முடிக்கிற வரைக்கும் சும்மாதான உக்காந்திருக்கேன்."

நிலோபர் ஸ்டெதாஸ்கோப்பை வலப்பக்கம் வைத்தாள். துடிப்பு சீராகக் கேட்டது. அவர் வழக்கம்போல மூச்சை இழுத்து விட்டார். கையை எடுத்தால் சொல்லியாக வேண்டும்.