திரையில் ஒரு நீலச் சட்டை

கான்சாபுரம் கண்மாயில் நீர்ப்பறவைகளைக் கணக்கெடுக்க இந்த சீசனுக்கு ட்ரோன் ஓட்ட வந்திருக்கிற ஷமீரின் தோளருகே பொன்மணி நிற்கிறாள். நேற்று வலை விரிக்கப் போன அவள் புருஷன் இன்னும் கரையேறவில்லை. வெயில் கூசுவதால், ட்ரோன் படத்தைக் காட்டும் அவன் கையிலிருக்கிற சின்னத் திரைக்கு மேலே முந்தானையை விரித்து நிழல் கொடுக்கிறாள். நத்தைக்கொத்தி நாரைகளுக்கு நடுவே, கோரைக்குள் ஒரு நீல நிறம் அசைகிறது. ஷமீர் ட்ரோனை வேறு பக்கம் திருப்புகிறான். "திருப்பாதீங்க தம்பி. அவிய சட்டதான் அது," என்கிறாள் பொன்மணி. "சட்ட மட்டும் மெதக்கலாம்லக்கா." "அப்ப கீழ எறக்கிக் காட்டுங்க." இறக்குகிறான். அந்தச் சத்தத்துக்கு நாரைகள் மொத்தமாக எழும்புகின்றன. திரை முழுக்க வெள்ளைச் சிறகுகள். அவை விலகுவதற்குள் பொன்மணி உள்ளங்கையால் திரையை மூடிக்கொள்கிறாள். "செத்த நேரம் பொறுங்க தம்பி," என்கிறாள்.