எதிர்வீட்டுப் பள்ளத்தாக்கு

“உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன் சார், இன்னைக்கு ஒரு நாள் மட்டும் அந்த வார்த்தையச் சொல்லிடாதீங்க” என்றார் தையல்காரர். சொன்னதோடு நிற்காமல் நிஜமாகவே குனிந்துவிட்டார்.

பதறிக் காலை இழுத்துக்கொண்டவர் எதிர்வீட்டு ரிட்டயர்டு பூகோள வாத்தியார். அவர் வாயிலிருந்து வரக் கூடாத அந்த வார்த்தை, பள்ளம்.

தையல்காரர் தம் வீட்டை விற்கப் படாதபாடு படுவது எங்கள் தெருவுக்கே தெரியும். போன மழையில் கட்டில் மிதந்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போன அவர் மனைவி, இன்னும் திரும்பவில்லை. “அந்த வீட்ட வித்தாத்தான் வாழ வருவேன்” என்று அங்கிருந்தே தாக்கீது.

வீடு பார்க்க யார் வந்தாலும், “பள்ளத்தாக்கு மாதிரி குளுகுளுன்னு இருக்கும் சார்” என்று ஆரம்பிப்பார் தையல்காரர். உடனே எதிர் கேட் கிறீச்சிடும்.

“பள்ளத்தாக்குன்னா ரெண்டு பக்கமும் மலை வேணும். நடுவுல வர்ற தண்ணி ஓடி வெளியே போகணும். இங்க வந்த தண்ணி எங்கய்யா போகுது? இதுக்குப் பேரு பள்ளம்!”

வந்தவர் செருப்பைத் தேடுவார். வாத்தியாருக்கு அன்றைக்குச் சாப்பாடு ருசியாக இறங்கும்.

“தப்பான விளக்கத்தக் கேட்டுக்கிட்டு வாய மூடிட்டு நிக்கச் சொல்றியேப்பா” என்று இப்போதும் இழுத்தார் வாத்தியார்.

“சரியான விளக்கம் சொல்லி இத்தனை வருஷத்துல என்னத்தக் கண்டீங்க? ஒரு குடும்பம் சேரட்டும், போங்க!” என்று உள்ளிருந்து வந்தது அவர் மனைவியின் குரல். அதற்கு மேல் அந்த வீட்டில் அப்பீல் கிடையாது.

பைக்கில் வந்து இறங்கினார் வாங்க வந்தவர். முன்னறையின் அகலத்தை மட்டும் காலால் அளந்துவிட்டு, மற்ற அறைகளை எட்டிக்கூடப் பார்க்காமல் வாசலுக்கு வந்து தெருவை மேலும் கீழும் நோட்டம் விட்டார்.

“இந்தத் தெருவுல எத்தனை குடும்பம் இருக்கும்?”

“நிறைய சார். எல்லாம் தங்கமான ஜனங்க.”

“அதென்ன, செவுத்துல இடுப்பு வரைக்கும் மட்டும் புதுப் பெயிண்ட்? தண்ணி நின்ன கறையா?” கேட்கும்போதே அவர் கண்ணில் ஒரு பளபளப்பு.

“டிசைன் சார்! இப்ப இதான் ஃபேஷன்.” தையல்காரருக்குச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

வந்தவர் நம்பவில்லை. எதிர் கேட் பக்கத்தில் நின்ற வாத்தியாரிடம் திரும்பினார். “பெரியவரே, நீங்க சொல்லுங்க. மழை பெஞ்சா இங்க தண்ணி நிக்குமா?”

தையல்காரர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். வாத்தியார் தொண்டையைச் செருமினார்.

“இது பள்ளத்தாக்குங்க. அந்தப் பக்கம் மார்க்கெட் மேடு, இந்தப் பக்கம் டேங்க் மேடு. நடுவுல விழற தண்ணி நிக்காம ஓடிடும். பூகோளம் நடத்துனவன் சொல்றேன், நம்புங்க.”

“வீட்டுக்குள்ள எல்லாம்…?”

“எந்த வீட்டுக்குள்ளயும் ஒரு சொட்டு வராது!”

ஒன்றைத் தொட்டால் ஒழுங்காக முடிப்பவர் வாத்தியார், பொய்யிலும் அப்படித்தான். தையல்காரரின் கை, மனைவிக்குப் போன் போடப் பாக்கெட்டுக்கே போய்விட்டது.

வந்தவர் பெருமூச்சுவிட்டு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார்.

“என்ன சார், வீடு புடிக்கலையா?”

“வீடு புடிச்சுதாங்க இருக்கு. தண்ணியே நிக்காத தெருவுல கடையப் போட்டு, நான் யாருக்குங்க மோட்டார் பம்பு விக்கிறது?”