அவங்களுக்கு நீங்க என்ன வேணும்?

"அவங்களுக்கு நீங்க என்ன வேணும்?" என்று விதாதிடம் நர்ஸ் கேட்டாள்.

கதவுக்கு அந்தப் பக்கம் நுஹாத் படுத்திருந்தாள். லிஃப்ட் ஓடாத நேரத்தில் ஆறு மாடிக்குத் தண்ணீர் கேனைத் தூக்கப் போய், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டவள்.

சொந்தக்காரர்களை மட்டும்தான் உள்ளே விடுவார்களாம்.

இருபது வருடமாக ஒரே வீட்டில் இருக்கிற இரண்டு பெண்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. பெய்ரூட்டில் கேட்காத தெரு கிடையாது. பதில்தான் ஆளுக்கு ஆள் மாறும்.

நுஹாத் தன் தங்கை என்று மளிகைக்கடை அபு ரஷீதிடம் சொல்லியிருந்தாள் விதாத். ஐந்தாம் மாடி உம்மு நதீமிடம், செத்துப்போன அண்ணனின் மனைவி என்று. இல்லாத அந்த அண்ணனுக்காக உம்மு நதீம் ஒருமுறை கண்ணீர்கூட விட்டிருக்கிறாள்.

இப்போது அந்த இரண்டு பேரும் அவளோடு ஒரே டாக்ஸியில் வந்து, முதுகுக்குப் பின்னால் நின்றார்கள். எதைச் சொன்னாலும் யாரோ ஒருவர் முன்னால் குட்டு உடையும். உடைந்தால் அந்தக் கட்டடத்தில் அப்புறம் எப்படிக் குடியிருப்பது?

அவள் தயங்குவதைப் பார்த்து அபு ரஷீத் அக்கா என்றார். அதே மூச்சில் உம்மு நதீம் நாத்தனார் என்றாள்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை.

நர்ஸ் பெருமூச்சு விட்டாள். "அவங்க இதெல்லாம் ஒண்ணும் சொல்லல. திட்டிக்கிட்டே ஒருத்தி வருவா, அவளை உள்ள விடுங்கன்னுதான் சொன்னாங்க. இவங்க வாயே தெறக்கலையே."

"இவளா?" உம்மு நதீமுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "காப்பி பொங்கினதுக்கு இவ திட்டுற திட்டுலதான் மகளே, எங்க வீட்டுல எல்லாரும் எந்திரிக்கிறோம். மாடியில பேசுறது எல்லாமே அப்படியே கீழே கேக்கும்."

தன் கடைவரைக்கும் கேட்கும் என்று அபு ரஷீதும் சாட்சி சொன்னார்.

நர்ஸ் கதவைத் திறந்தாள்.

இரண்டடி வைத்த பிறகுதான் விதாதுக்கு உறைத்தது. திட்டு கேட்டவர்களுக்கு, திட்டி முடித்து அவள் சமாதானம் செய்ததும் கேட்டிருக்கும். இத்தனை வருடமும்.

காது மடல் சூடேற, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள்.

டாக்ஸியில் வரும்போதே நுஹாதுக்கென்று ஒரு பாட்டம் திட்டு சேர்த்து வைத்திருந்தாள். மூக்கில் குழாயோடு கிடந்தவளைப் பார்த்ததும் ஒன்றுகூட வாய்க்கு வரவில்லை. கட்டிலருகே போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நுஹாத் கண்ணைத் திறக்காமலே கேட்டாள்:

"என்னடி, இன்னும் ஆரம்பிக்கலையா?"