வழியனுப்ப வந்த ஜோதியம்மாள்

“ஒரே புள்ள. அவன ஹாஸ்டலுக்கு அனுப்பிட்டு நீ எப்படி இருக்கப் போற, அன்பு?”

தைக்கக் கொடுத்த ஜாக்கெட்டை வாங்க வந்த ஜோதியம்மாள் வாசலில் நின்றபடியே கேட்டாள். தையல் மெஷின் சட்டென்று நின்றது. அன்புச்செல்வி நிமிர்ந்து, “உங்களுக்கு யாருக்கா சொன்னாங்க?” என்றாள்.

யாரும் சொல்லவில்லை. வேங்கிக்காலில் அந்தத் தெருவைப் பொறுத்தவரை, ஜோதியம்மாளுக்கு யாரும் எதையும் சொல்ல வேண்டியதில்லை. அன்புச்செல்வியின் கணவன் காசி, சைக்கிள் கேரியரில் புது டிரங்குப் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்ததை அவளே பார்த்தாள். எஸ்.டி.டி. பூத்தில் நின்று, ஹாஸ்டலில் என்றைக்கு வந்து சேர வேண்டும் என்று அவன் கேட்டுக்கொண்டிருந்ததும் காதில் விழுந்தது. மகன் இனியன் பத்தாவது பாஸாகி இருந்தான். இதற்கு மேல் என்ன வேண்டும்?

“வேலூர்தானே?”

“வேலூர்தாங்கா. போய்ச் சேர்ற வரைக்கும் யார்கிட்டயும் சொல்லாதீங்க. நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க.”

கண் பட்டுவிடும் என்று பயப்படுகிறாள் என ஜோதியம்மாள் புரிந்துகொண்டாள். அன்றிலிருந்து அவள் வாயைக் கட்டிக்கொண்டு திரிந்தது தெருவுக்கே அதிசயமாக இருந்தது. வெளியே பேச முடியாத குறையைத் தீர்த்துக்கொள்ள, தினமும் அன்புச்செல்வி வீட்டுக்கு வந்து உட்கார்ந்துகொண்டாள்.

அங்கே நிற்க நேரமில்லாமல் வேலை நடந்தது. மெஷினில் தலையணை உறை ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுப்பில் தக்காளித் தொக்கு தெறிக்கும். அன்புச்செல்வி எழுந்து ஓடிப்போய்க் கிளறிவிட்டு வந்து, போர்வைக்கு ஓரம் அடிப்பாள். மொட்டை மாடியில் உப்பில் ஊறிய நார்த்தங்காய் காய்ந்தது. இதற்கு நடுவில், துணி கொடுத்தவர்கள் வேறு வந்து வந்து கேட்டார்கள். கையில் இருந்த துணியெல்லாம் தைத்து முடித்தவள், புதிதாக எதையும் வாங்கவில்லை. பிள்ளை போகிற கவலையில் தொழிலையே விட்டுவிடுவாள் போலிருக்கிறதே என்று ஜோதியம்மாள் நினைத்தாள்.

மாங்காய் நறுக்கிக் கொடுக்க அவளும் அரிவாள்மனையில் உட்கார்ந்தாள்.

“மொளகாப்பொடி ஜாஸ்தி போடாத. புள்ளைக்கு வயித்துக்கு ஆவாது.”

“கம்மியாத்தாங்கா போட்டிருக்கேன்.”

சமையலறை அலமாரியில் ஊறுகாய் பாட்டில்கள் வரிசை கட்டின. ஹாஸ்டலில் இத்தனையையும் வைத்துக்கொள்ள விடுவார்களா என்று ஜோதியம்மாள் கேட்டதற்கு அன்புச்செல்வி சிரித்து மழுப்பினாள். அடுப்பங்கரையில் இனியன் அரிசி களைந்து, விரலை விட்டுத் தண்ணீர் அளவு பார்த்துக்கொண்டிருந்தான். ஆம்பளைப் பிள்ளையை ஏன் இப்படி வாட்டுகிறாய் என்றதற்கு, எங்கே இருந்தாலும் கத்துக்கிட்டா நல்லதுதானே என்று பதில் வந்தது.

ஒரு நாள் மத்தியானம் போனபோது, மெஷின் மேல் கையை ஊன்றியபடி அன்புச்செல்வி சும்மா உட்கார்ந்திருந்தாள். கண்கள் சிவந்திருந்தன.

“பயமா இருக்குக்கா. என்னால முடியுமானு தெரியல.”

மகளை இதோ இருக்கிற கீழ்பென்னாத்தூரில் கட்டிக் கொடுத்துவிட்டு, சோறு இறங்காமல் கிடந்தவள் ஜோதியம்மாள். பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

“மொத மாசம்தான் கஷ்டம். அழுது தீத்துடு. அப்புறம் தன்னால பழகிடும்.”

அன்புச்செல்வி அவள் தோளில் சாய்ந்து அழுதாள்.

வாசலில் காசியைப் பார்த்ததும் ஜோதியம்மாள் பிடித்துக்கொண்டாள். ஊரில் இல்லாத படிப்பா, தாயையும் பிள்ளையையும் இப்படிப் பிரிக்கலாமா என்று கேட்டாள். காசி தலையைக் குனிந்துகொண்டான்.

“இந்தப் படிப்பு இங்க இல்லக்கா. முன்ன ஒரு தடவ சீட்டு கிடைச்சும், எங்கம்மா பேச்சக் கேட்டு நான்தான் விடல. இந்தத் தடவ நானே நின்னு அனுப்பறேன்.”

எந்தச் சீட்டு, எப்போது என்று அவளுக்கு விளங்கவில்லை. கேட்பதற்குள் அவன் உள்ளே போய்விட்டான்.

புறப்படும் நாள் காலையில், அண்ணாமலையார் கோயில் விபூதிப் பொட்டலத்தோடு ஜோதியம்மாளும் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தாள். வேலூர் பஸ்ஸில் ஜன்னலோரம் இனியன் உட்கார்ந்திருந்தான். டிரங்குப் பெட்டி அவன் காலடியில் இருந்தது. காசியும் அன்புச்செல்வியும் கீழே நின்று மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஜோதியம்மாள் ஜன்னல் வழியே கையை நீட்டி அவன் நெற்றியில் விபூதி பூசினாள்.

“நல்லாப் படி. சாப்பாடு புடிக்கலன்னு பட்டினி கிடக்காத. அம்மாவுக்கு அடிக்கடி போன் பண்ணு.”

இனியன் நெளிந்தான். “பெரியம்மா, நான் வந்து…”

“எதுவும் பேசாத. எனக்கு அழுகையா வருது,” என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

டிரைவர் ஏறி உட்கார்ந்தார். இனியன் எழுந்து கீழே இறங்கி வந்தான். அவன் பிடித்து வைத்திருந்த இடத்தில் அன்புச்செல்வி போய் உட்கார்ந்தாள். விசில் சத்தம் கேட்டு பஸ் நகர ஆரம்பித்தது.

“டேய், பஸ்ஸு போவுது பாரு, ஏறுடா,” என்று ஜோதியம்மாள் பதறினாள்.

இனியன் ஏறவில்லை. ஜன்னலோடு கூடவே நடந்தபடி, “அம்மா, கிளாஸ்ல எல்லாரும் சின்னப் பொண்ணுங்களா இருப்பாங்க, அதுக்கெல்லாம் வெக்கப்படாத, தையல் டீச்சரா ஆயிட்டுத்தான் வீட்டுக்கு வரணும்” என்று சொல்லிக் கையசைத்தான்.